ஆண்டை வீட்டு வண்டி

எங்க வீட்டு வாசல்ல ஒரு அம்பாசடர் கார் நிற்கிறது. 1966ஆம் வருசத்து வண்டி, மார்க் 2. சேரியில் வண்டி நிற்பது இன்றைக்கு அதிசயமில்லை. லோன் போட்டு எடுத்த குட்டியானை நிற்கிறது, வாடகைக்கு ஓடுகிற ஆட்டோ நிற்கிறது, துபாய்க்குப் போய் வந்த பையன் வாங்கின புல்லட் நிற்கிறது. அதையெல்லாம் யாரும் கேட்பதில்லை. இந்த அம்பாசடரை மட்டும் எல்லாரும் கேட்கிறார்கள்.

ஒரு கூட்டம் முடிந்து டீ குடிக்கும்போது ஒரு தோழர் நேராகவே கேட்டார். "ஆண்டையோட பல்லக்கைக் கொண்டாந்து வாசல்ல வெச்சுக்கிட்டு, அதுக்கு ஒண்ணரை லட்சத்துக்கு மேல செலவும் பண்ணியிருக்கீங்க. இது என்ன அரசியல் தோழர்?" அன்றைக்கு எனக்குப் பதில் சொல்ல வரவில்லை. கோபம்தான் வந்தது. கோபத்தில் பாதி அவர் மேல், பாதி என் மேல். ஏனென்றால் அதே கேள்வியை எங்க அம்மா அவருக்கு முன்னாலேயே கேட்டுவிட்டாள். இன்னும் காட்டமாக.

கீழத் தஞ்சையில் எங்க ஊர். இன்றைய கணக்குக்கு நாகப்பட்டினம் மாவட்டம். தாத்தா பண்ணையாள். 1952இல் பண்ணையாள் பாதுகாப்புச் சட்டம் வந்தது, 1961இல் நில உச்சவரம்புச் சட்டம் வந்தது. இரண்டும் வந்த பிறகும் எங்க ஊர் நிலம் ஆண்டை வீட்டுப் பேர்களிலேயேதான் இருந்தது. மகன் பேரில், மருமகன் பேரில், கோயில் பேரில். அந்த வீட்டுக்கு 1966இல் இந்தக் கார் வந்தது.

அந்தக் காலத்தில் கார் என்றால் பணம் இருந்தாலும் உடனே கிடைக்காது. பதிந்துவிட்டு வருசக்கணக்கில் காத்திருக்க வேண்டும். அம்பாசடர் வங்காளத்தில் உத்தரபாராவில் 1957 முதல் செய்த வண்டி. இங்கிலாந்தின் மாரிஸ் ஆக்ஸ்போர்டு என்ற வண்டியின் அச்சு அது. நம்ம ரோட்டுக்கும் வாய்க்கால் மேட்டுக்கும் அது தாங்கியது. மந்திரி, கலெக்டர், மிராசுதார் எல்லாருக்கும் அதுதான் வண்டி. எங்க ஊருக்குள் கார் வந்த அன்றைக்குச் சேரி ஜனங்களை வரப்பில் நிற்கவைத்துக் காட்டினார்களாம். தொடக்கூடாது என்று சொல்லித்தான் காட்டினார்கள்.

எங்க அப்பா 1956இல் பிறந்தவர். மூணாம் வகுப்போடு பள்ளிக்கூடம் முடிந்தது. மாடு மேய்த்துக்கொண்டிருந்தவரைப் பதினோரு வயசில் காருக்கு ஆளாக எடுத்தார்கள். டிரைவர் வேலைக்கு இல்லை. டிரைவர் அவங்க சாதிக்காரர். அப்பா கார் கழுவுகிற பையன். விடியற்காலையில் குளத்திலிருந்து பத்துக் குடம் தண்ணீர் கொண்டுவந்து வண்டியின் வெளிப்புறத்தைக் கழுவணும். உள்ளே கை வைக்கக்கூடாது. உள்ளே துடைப்பது டிரைவர். சேற்றில் சிக்கினால் சேரியிலிருந்து ஆள் கூட்டிவந்து தள்ளணும். காலையில் ஸ்டார்ட் ஆகவில்லை என்றால் முன்னால் ஹேண்டிலைச் செருகிச் சுற்றணும்.

அந்த ஹேண்டிலைப் பற்றி இன்றைக்கு இருக்கிற பிள்ளைகளுக்குத் தெரியாது. பம்பரில் ஒரு ஓட்டை இருக்கும். அதன் வழியாக இரும்புக் கம்பியைச் செருகி, எஞ்சினைக் கையால் சுற்றி உயிர் கொடுப்பது. டைமிங் முந்தி வைத்திருந்தால் எஞ்சின் எதிர்ப்பக்கம் உதைக்கும். அதனால் கட்டைவிரலை மடக்கிப் பிடிக்கக்கூடாது. நாலு விரலோடு சேர்த்து ஒரே பக்கமாக வைத்துப் பிடிக்கணும். உதைத்தால் ஹேண்டில் தானாகக் கையை விட்டுப் போய்விடும். இதை அந்த டிரைவர் அப்பாவுக்குச் சொல்லித்தரவில்லை. பன்னிரண்டு வயசில் அப்பாவின் வலது மணிக்கட்டு உடைந்தது. நாட்டு வைத்தியர் மூங்கில் பத்தை வைத்துக் கட்டினார். அது கோணலாகவே கூடியது. எங்க அப்பா தட்டு பிடிக்கிறதைப் பார்த்தால் இன்றைக்கும் தெரியும்.

வெளியூர் போகும்போது மூட்டை தூக்க, வண்டி கழுவ அப்பாவும் போகணும். எங்கே உட்கார்ந்து போவது? டிக்கியில். மூடியை ஒரு கயிற்றால் கட்டி அரையடி திறந்து வைப்பார்கள், மூச்சு விடுவதற்கு. மாயவரத்துக்கும் கும்பகோணத்துக்கும் அப்பா அப்படித்தான் போனார். "புழுதியும் பெட்ரோல் வாடையும் மூஞ்சியில அடிக்கும் ஆயி. ஆனா ஒண்ணு, போற ஊரை எல்லாரும் முன்னால பாக்குறாங்க, நான் விட்டுட்டு வந்த ஊரைப் பாத்துக்கிட்டே போனேன்" என்று சிரித்துக்கொண்டே சொல்வார். அவர் சிரிக்கிற மாதிரி என்னால் சிரிக்க முடிந்ததில்லை.

அம்மா அதே ஊர்தான். நடவாள். அவள் அந்தக் காருக்குள் எட்டிக்கூடப் பார்த்ததில்லை. அவளுக்குக் கார் என்றால் ஹாரன். வண்டி மேட்டு ரோட்டில் வரும்போது தூரத்திலேயே ஹாரன் அடிப்பார்கள். கேட்டவுடனே தலையில் நாற்றுக்கட்டு இருந்தாலும், இடுப்பில் பிள்ளை இருந்தாலும், ரோட்டை விட்டு வயலில் இறங்கி நிற்கணும். மழைக்காலத்தில் முழங்கால் சேறு. வண்டி போய்த் தூசி அடங்கிய பிறகுதான் ஏறணும். அக்காவை வயிற்றில் வைத்துக்கொண்டிருந்தபோது அப்படி இறங்கி வழுக்கி விழுந்தாள். அந்த அக்கா பிறக்கவில்லை. இதை அம்மா எனக்கு ஒரே ஒரு தடவைதான் சொன்னாள்.

1968 டிசம்பர் 25 ராத்திரி வெண்மணியில் 44 பேரைக் குடிசையில் வைத்துக் கொளுத்தினார்கள். பெண்களும் குழந்தைகளும்தான் அதிகம். அப்பாவுக்கு அப்போது பன்னிரண்டு வயசு. கட்டுப் போட்ட கையோடு கிடந்தார். கீழ்க்கோர்ட்டில் மிராசுதாரர்கள் சிலருக்குத் தண்டனை கிடைத்தது. 1973இல் உயர்நீதிமன்றம் அவர்களை விடுதலை செய்தது. அந்தத் தீர்ப்பில் ஒரு வாதம் வருகிறது. குற்றம் சாட்டப்பட்டவர்கள் பெரும்பாலும் ஏராளமான நிலம் உள்ள பணக்காரர்கள். முதல் எதிரி கார் வைத்திருப்பவர். இப்படிப்பட்டவர்கள் வேலைக்காரர்களை விட்டுவிட்டுத் தாங்களே நடந்து போய்த் தீ வைத்திருப்பார்கள் என்று நம்ப முடியவில்லை என்பது அதன் சாரம்.

எம்.ஏ. தமிழ் படிக்கும்போது ஒரு துண்டு வெளியீட்டில் இதைப் படித்தேன். பாடத்தில் இல்லை. பாடத்தில் மருத நிலத்தின் அழகைப் படித்துக்கொண்டிருந்தோம். நெல்லும் கரும்பும் நீர்நிலையும். அந்த மருத நிலத்தில் கார் வைத்திருப்பது ஒருத்தன் கொலை செய்யாததற்கு அத்தாட்சியாக ஆகிவிட்டது. என்னுடைய அப்பா அப்படி ஒரு அத்தாட்சியைத்தான் தினமும் பத்துக் குடம் தண்ணீர் ஊற்றிக் கழுவிக்கொண்டிருந்தார். வெண்மணிக்குப் போன கார் எங்க ஊர்க் கார் இல்லை. ஆனால் அதே மாதிரி கார், அதே மாதிரி வீடு.

அப்பா 1978இல் ராத்திரியோடு ராத்திரியாக ஊரை விட்டு ஓடி, நாகையில் ஒரு லாரியில் கிளீனராகச் சேர்ந்தார். பிறகு லைசென்சு எடுத்து முப்பது வருசம் லாரி ஓட்டினார். நாகபுரி, கல்கத்தா, கௌஹாத்தி வரை போயிருக்கிறார். நாங்கள் படித்தது அந்த லாரியில்தான்.

ஆண்டை வீட்டில் பெரியவர் செத்தபிறகு பிள்ளைகள் சென்னைக்கும் அமெரிக்காவுக்கும் போய்விட்டார்கள். கார் கொட்டகையிலேயே கிடந்தது. 2018 நவம்பர் 16 விடியற்காலை கஜா புயல் அடித்ததே, அதில் தென்னை விழுந்து கொட்டகை சரிந்தது. நாங்கள் நிவாரண வேலையில் அலைந்துகொண்டிருந்தோம். ஓடு போன வீடு, படகு போன கரை, தோப்பு போன விவசாயி. ரெண்டு மாசம் கழித்து, காயலான் கடை பாய் ஒருத்தர் தம்பிக்குப் போன் செய்தார். தம்பி மெக்கானிக். "பெரிய பண்ணை வீட்டு அம்பாசடரை எடைக்கு எடுத்திருக்கேன் தம்பி. அறுக்கறதுக்கு முன்னாடி ஏதாச்சும் பார்ட்ஸ் வேணும்னா பாத்துக்க."

தம்பி அப்பாவையும் என்னையும் கூட்டிக்கொண்டு போனான். கார் பழைய பிரிட்ஜுகளுக்கும் சைக்கிள்களுக்கும் நடுவில் கிடந்தது. நாலு டயரும் மண்ணோடு ஒட்டியிருந்தன. கூரையில் தென்னை விழுந்த பள்ளம். அப்பா சுற்றி வந்தார். முன்பக்கம் போகவில்லை. நேராகப் பின்னால் போய் டிக்கியைத் தூக்கினார். உள்ளே தகடு முழுக்க இற்றுப்போய், அந்த ஓட்டை வழியாகத் தரையில் முளைத்த புல் தெரிந்தது. ஒரு பாம்புச் சட்டை கிடந்தது. அப்பா ரொம்ப நேரம் அதைப் பார்த்துக்கொண்டு நின்றார். அப்புறம் தம்பியிடம் "இதை அறுக்க விடாதப்பா" என்றார். அவ்வளவுதான். வேறு காரணம் எதுவும் அன்றைக்கு யாரும் பேசவில்லை.

பாய் 32,000 கேட்டார். இரும்பு எடைக்குக் கொஞ்சம் மேலே. என் சீட்டுப் பணம் இருந்தது. ஆனால் வண்டியை ரோட்டில் ஓட்டணும் என்றால் ஆர்.சி. புத்தகமும், பெயர் மாற்றுகிற படிவங்களில் பழைய சொந்தக்காரரின் வாரிசு கையெழுத்தும் வேணும். தம்பி சென்னைக்குப் போய்ப் பேரனைப் பார்த்தான். நல்ல பையன்தான், டீ கொடுத்தான், கையெழுத்தும் போட்டான். போடுவதற்கு முன்னால் ஒன்று மட்டும் கேட்டான்: "நீங்க அந்த ஊர்ல எந்தத் தெரு?"

வண்டியைக் கட்டியிழுத்துத் தம்பி வேலை செய்கிற பட்டறைக்குக் கொண்டுவந்தோம். முதலாளி ஓரமாக இடம் கொடுத்தார். பதினாலு மாசம் அங்கேதான் கிடந்தது, ஞாயிற்றுக்கிழமையும் ராத்திரியும் வேலை. வீட்டில் அம்மா சொன்னது: "அந்தப் பொணத்தை எங்க வேணா வெச்சு அழுங்க. என் வாசலுக்குக் கொண்டாராதீங்க."

கையில் காசு இல்லாதவன் பழைய கார் எடுத்தால் முதலில் ஒரு விதி கற்றுக்கொள்ளணும் என்று தம்பி சொல்வான். கண்ணுக்குத் தெரிகிறதைக் கடைசியில் செய். நிற்கிறது, திரும்புகிறது, தாங்குகிறது, இந்த மூன்றும் முதலில். அதாவது பிரேக், ஸ்டீயரிங், பாடி. அப்புறம் எஞ்சின். பெயிண்ட்டும் பளபளப்பும் காசு மிஞ்சினால்.

அம்பாசடருக்கு லாரி மாதிரி தனி சேஸ் கிடையாது. உடம்புதான் சேஸ். கதவுக்குக் கீழே ஓடுகிற தகடும் தரைத் தகடும் துருப்பிடித்தால் வெறும் அழகுக் கேடு என்று விடமுடியாது, வண்டியே நடுவில் தொங்கும். டிங்கர் வேலை செய்கிற பாய் சுத்தியலால் தட்டித் தட்டிச் சத்தத்தை வைத்தே எங்கே நல்ல இரும்பு, எங்கே பொக்கு என்று சாக்பீசால் கோடு போட்டார். பொக்கு முழுவதையும் வெட்டி எறிந்து, புதுத் தகடு வைத்து வெல்டிங் அடித்து, ரெட் ஆக்சைடு பூசினார். மேலேயே பட்டி அப்பி மறைத்துக் கொடுக்கிறவர்கள் உண்டு. பாதிக் காசுக்கு முடியும். ஆறு மாசத்தில் குமிழ் கட்டி உடைந்துவிடும். "துருவுக்கு மேல எதைப் பூசினாலும் துரு உள்ள வேலை செஞ்சுக்கிட்டேதான் இருக்கும்மா" என்றார் பாய். எனக்கு எங்க ஊர்ச் சமத்துவப் பொங்கல் ஞாபகம் வந்தது.

டிக்கித் தரையை மட்டும் ஒட்டுப் போட வேண்டாம், முழுசாக எடுத்துவிட்டுப் புதுசு போடணும் என்றார் அப்பா. ஒட்டு போதும், காசு மிச்சம் என்று தம்பி சொல்லிப் பார்த்தான். அப்பா கேட்கவில்லை.

எஞ்சின் இறுகிப்போயிருந்தது. 1489 சி.சி., நாலு சிலிண்டர் பெட்ரோல் எஞ்சின். ஏர் கிளீனரில் எலி குட்டி போட்ட கூடு. நாலு பிளக்கையும் கழற்றி, டீசலில் ஆயிலைக் கலந்து ஓட்டைகளில் ஊற்றி ஊறவைத்தோம். தினமும் ஊற்றுவது, தினமும் ஹேண்டிலை மெதுவாக அசைத்துப் பார்ப்பது. பலவந்தம் பண்ணினால் ரிங் உடையும். பதினோராம் நாள் அப்பா ஹேண்டிலைப் பிடித்தார். கட்டைவிரலை மற்ற விரல்களோடு சேர்த்து வைத்து, எனக்குக் காட்டினார், "இப்படித்தான் புடிக்கணும் ஆயி." மெல்ல அழுத்தினார். உள்ளே ஏதோ முனகி, அரைச் சுற்று சுற்றியது. ஐம்பது வருசத்துக்கு முன்னால் யாராவது இந்த ஒரு வார்த்தையைச் சொல்லியிருந்தால் அந்தக் கை கோணியிருக்காது. தொழில் ரகசியத்தைச் சொல்லாமல் விடுவதும் சாதி நடத்துகிற வழிகளில் ஒன்று.

லேத்தில் கொடுத்து ரீபோர் அடித்து ஓவர்சைஸ் பிஸ்டனும் ரிங்கும் போட்டோம். இந்த எஞ்சின் ஈயம் கலந்த பெட்ரோலுக்காகச் செய்தது. அந்த ஈயம்தான் வால்வு உட்காரும் இடத்தைத் தேயாமல் காத்தது. 2000த்தில் நாட்டில் ஈயப் பெட்ரோலை நிறுத்திவிட்டார்கள். அதனால் கெட்டியான வால்வு சீட் தனியாகச் செய்து அடிக்கணும். இப்போது பெட்ரோலில் எத்தனால் வேறு கலக்கிறார்கள், பழைய ரப்பர் டியூப் எல்லாம் ஊறிப்போகும், அதையும் மாற்றியாகணும். டீசல் எஞ்சின் ஒன்று மலிவாகக் கிடைக்கிறது, மாற்றிவிடலாம் என்று முதலாளி சொன்னார். அப்பா தலையாட்டவில்லை. அந்தச் சத்தம்தான் வேணும் என்றார்.

அம்பாசடர் செய்வதை 2014இல் நிறுத்திவிட்டார்கள். அந்தப் பெயரை மட்டும் 2017இல் பிரெஞ்சுக் கம்பெனி ஒன்று 80 கோடிக்கு வாங்கியது. ஆனால் டாக்சியாக ஓடித் தேய்ந்த வண்டி ஊர் ஊராகக் கிடப்பதால் சாமான் கிடைக்கிறது. தம்பி ரெண்டு மாசத்துக்கு ஒருதரம் ராத்திரி ரயிலேறிப் புதுப்பேட்டைக்குப் போய், நாள் முழுக்க அலைந்து, சாக்குப் பையில் தூக்கி வருவான்.

என் வேலை உப்புத்தாள். தண்ணீர் விட்டுத் தேய்ப்பது. முதலில் பெருவெட்டு, அப்புறம் நைசு. நகக்கண்ணெல்லாம் வெடித்தது. பட்டறைக்கு வருகிறவர்கள் "பொம்பளைப் புள்ளையை ஏன் இதுல விட்டிருக்கே?" என்று தம்பியிடம்தான் கேட்பார்கள், என்னிடம் கேட்கமாட்டார்கள். பட்டறையில் சாதி இல்லை என்று நான் எழுதமாட்டேன். கிரீஸ் கையோடு இருக்கிற வரைக்கும் எல்லாக் கையும் ஒன்றுதான். மத்தியானம் சோத்துப் பொட்டலம் பிரிக்கும்போது யார் யார் பக்கத்தில் யார் உட்காருகிறார்கள் என்று பார்த்தால் தெரியும்.

சீட்டுக்கு ரெக்சின் தைத்த அண்ணன் அருந்ததியர். தாத்தா செருப்புத் தைத்தவர். தைத்துக்கொண்டே சொன்னார்: "எங்க தாத்தா அவரு தைச்ச செருப்பைக் கையில தூக்கிக்கிட்டுத்தான் அந்தத் தெருவுல நடந்தாரு தங்கச்சி." கூலியில் ஐந்நூறு ரூபாய் குறைத்துக்கொண்டார். ஏன் என்று நாங்கள் கேட்கவில்லை.

கணக்கை எழுதி வைத்திருக்கிறேன். வண்டி 32,000. இழுவை 3,000. எஞ்சின் 34,000. டிங்கர் வேலை 27,000. பிரேக்கும் கிளட்சும் 13,500. வயரிங், பேட்டரி 9,500. டயர் 14,000. குஷன் 8,000. பெயிண்ட் 21,000. ஆர்.டி.ஓ. செலவு 6,000. மொத்தம் 1,68,000. தம்பியின் கூலி இதில் சேரவில்லை. இந்தப் பணத்தில் ஒரு பிள்ளையை நர்சிங் சேர்த்திருக்கலாம் என்று ஒரு தோழர் சொன்னார். சரிதான். அதை நினைக்காத ராத்திரி இல்லை.

பெயிண்ட் என்ன கலர் என்று பேச்சு வந்தபோது நான் நீலம் என்றேன். அப்பா வேண்டாம் என்றார். "கறுப்பே இருக்கட்டும். அது எந்த வண்டின்னு பாக்கறவனுக்குத் தெரியணும்."

கடைசியாக அம்மா பட்டறைக்கு வந்தாள். சாப்பாடு கொடுக்க வந்த மாதிரி வந்தாள். வயரிங் முடிந்து, தம்பி ஒவ்வொரு சுவிட்சாகப் பார்த்துக்கொண்டிருந்தான். ஹாரனை அழுத்தினான். வண்டியில் பழசு எதுவுமே வேலை செய்யவில்லை, அந்த ஹாரன் மட்டும் வேலை செய்தது. அம்மா தூக்குவாளியைக் கீழே வைத்துவிட்டு, சட்டென்று ரோட்டோரச் சாக்கடைப் பக்கம் ஒதுங்கினாள். அவளுக்கே தெரியாமல் கால் ஒதுங்கிவிட்டது. நாங்கள் மூன்று பேரும் பார்த்தோம். அவளும் எங்களைப் பார்த்தாள்.

"அதைக் கழட்டு" என்றாள்.

தம்பி உடனே ஸ்பானரை எடுத்துக் கழற்றினான். 450 ரூபாய்க்கு ஒரு சாதாரண ஹாரன் வாங்கி மாட்டினோம். பழையதைக் காயலான் கடையில் எடைக்குப் போட்டோம். பதினெட்டு ரூபாய். அம்மா அதில் வெற்றிலை பாக்கு வாங்கினாள். அதற்கப்புறம் வண்டி வாசலுக்கு வருவதற்கு அவள் தடை சொல்லவில்லை.

2020 பிப்ரவரியில் வண்டியை ஆர்.டி.ஓ. பார்த்து, பதிவைப் புதுப்பித்து, அப்பா பெயரில் ஆர்.சி. வந்தது. ஊருக்கு ஓட்டிப் போனோம். அப்பாதான் ஓட்டினார். பெரிய தெரு வழியாகத்தான் போனார். நான் நெஞ்சு படபடக்க உட்கார்ந்திருந்தேன். பெரிய வீடு பூட்டிக் கிடந்தது. திண்ணையில் ஆடு படுத்திருந்தது. யார் பார்க்கணும் என்று நினைத்தோமோ அவர்கள் ஒருத்தரும் அங்கே இல்லை. பெட்டிக்கடையில் நின்ற பையன்கள் மட்டும் பார்த்து, "டேய், அய்யா வீட்டு வண்டிடா" என்றார்கள். ஆர்.சி.யில் எங்க அப்பா பெயர் இருக்கிறது. ஊர் வாயில் இன்னும் அய்யா வீட்டு வண்டிதான்.

கேள்விப்பட்டு, பழைய கார் சேகரிக்கிறவர் ஒருத்தர் சென்னையிலிருந்து வந்தார். மூன்றரை லட்சம் தருவதாகச் சொன்னார். பானட்டைத் திறந்து பார்த்து, "ஒரிஜினல் ஹாரன் என்னாச்சு? அது இருந்தா இன்னும் இருபத்தஞ்சு சேர்த்துத் தரலாம்" என்றார். அம்மா உள்ளேயிருந்து கேட்டுக்கொண்டிருந்தாள். பழைய வண்டியைப் போற்றுகிறவர்களுக்கு எல்லாம் பழையபடியே இருக்கணும். ஒவ்வொரு மறையும், ஒவ்வொரு பட்டனும். எங்களுக்கு அப்படி இருக்கக்கூடாது. இதுதான் அவர்களுக்கும் எங்களுக்கும் உள்ள வித்தியாசம். ஐம்பது வருசம் தாண்டிய வண்டியை விண்டேஜ் என்று பதிந்துகொள்ள 2021இல் விதி வந்தது. புதுப் பதிவுக்கு 20,000 ரூபாய். பதிந்தால் கண்காட்சிக்கும் அணிவகுப்புக்கும் கொண்டுபோகலாம், அன்றாடம் ரோட்டில் ஓட்டக்கூடாது. எங்களுக்குக் கண்காட்சி வேண்டியதில்லை, அன்றாடம் ஓட்டணும். விற்கவும் இல்லை, விண்டேஜ் ஆக்கவும் இல்லை.

2022இல் சித்தப்பா மகள் கல்யாணம். பெண்ணையும் மாப்பிள்ளையையும் இந்தக் காரில் வைத்து ஊர்வலம். பெரிய தெரு வழியாக வேண்டாம், பிரச்சினை வரும், சுற்றிப் போங்கள் என்று காவல் நிலையத்தில் கூப்பிட்டுச் சொன்னார்கள். அப்பா அமைதியாகச் சொன்னார்: "இந்த வண்டி அந்தத் தெருவுல அம்பது வருசமா போயிருக்குங்க. வண்டிக்கு வழி தெரியும்." ரெண்டு போலீசார் பின்னால் வர, ஊர்வலம் அந்தத் தெரு வழியாகவே போனது. திரும்பும்போது இருட்டிலிருந்து ஒரு கல் வந்து பின்விளக்குக் கண்ணாடி உடைந்தது. புகார் கொடுத்தோம். மனு ரசீது கிடைத்தது. அதற்குமேல் இன்றுவரை ஒன்றும் இல்லை. தம்பி புதுப்பேட்டையில் கண்ணாடி தேடி வாங்கிவந்து மாட்டினான்.

அண்ணல் அம்பேத்கர் 'விசாவுக்காகக் காத்திருக்கிறேன்' என்று எழுதிய குறிப்புகளில் ரெண்டு வண்டி வருகிறது. 1901இல் சின்னப் பையனாக அப்பாவைப் பார்க்கப் போகும்போது, சாதி தெரிந்ததும் மாட்டுவண்டிக்காரன் ஓட்ட மறுக்கிறான். இரட்டைக் கூலி கொடுத்து, பிள்ளைகளே வண்டியை ஓட்ட, அவன் கூடவே நடந்து வருகிறான். 1929இல் சாளிஸ்காவில், அதற்குள் அவர் பாரிஸ்டர், குதிரைவண்டிக்காரன் அவரை ஏற்றி ஓட்ட மறுக்கிறான். வண்டி ஓட்டிப் பழகாத நம்ம ஆளே ஓட்டுகிறார். பாலத்தில் சக்கரம் மோதி அம்பேத்கர் தூக்கி எறியப்படுகிறார், கால் எலும்பு முறிகிறது. வண்டி என்பது நம்ம வரலாற்றில் ஏறுவது இறங்குவது மட்டுமில்லை. யார் ஓட்டுவது, யாருக்கு ஓட்டச் சொல்லித் தந்தார்கள் என்பதும்தான். கல்யாணத்தன்று அப்பா ஸ்டீயரிங்கைப் பிடித்திருந்ததைப் பார்த்தபோது எனக்கு இதுதான் ஞாபகம் வந்தது. இப்போது பழகாத ஆள் இல்லை.

இந்த வருசக் கணக்கும் இருக்கிறது. 2022 ஏப்ரலில் பழைய காரின் பதிவைப் புதுப்பிக்கும் கட்டணத்தை 600இலிருந்து 5,000 ஆக்கினார்கள். 2025 ஆகஸ்டில் இருபது வருசம் தாண்டிய காருக்கு 10,000 ஆக்கினார்கள். பழைய வண்டி ஓட்டுகிறவர்களில் பெரும்பாலோர் ஏழைகள் என்று அவர்களுக்குத் தெரியாதா? கட்டத்தான் வேணும்.

தோழர் கேட்ட கேள்விக்குப் பதில் எழுத உட்கார்ந்தேன். பதில் என்று சொல்ல என்னிடம் இருப்பது போன மாசம் நடந்த ஒன்றுதான். அம்மாவுக்குக் கண் பார்க்க நாகைக்குப் போய்விட்டுத் திரும்பிக்கொண்டிருந்தோம். அப்பா ஓட்ட, அம்மா முன்சீட்டில். மேட்டு ரோட்டில் எங்க தெரு ஆயா ஒருத்தி தலையில் புல்லுக்கட்டோடு எதிரே வந்துகொண்டிருந்தாள். அப்பா ஹாரன் அடிக்கவில்லை. கறுப்பு வண்டியைப் பார்த்ததுமே ஆயா விறுவிறுவென்று ரோட்டை விட்டு வயலில் இறங்கி, தலையைக் குனிந்து நின்றாள்.

"நிறுத்து" என்றாள் அம்மா. வண்டி நின்றது. அம்மா இறங்கி வயலுக்குள் போனாள். ஆயாவின் கையைப் பிடித்து மேலே கூட்டிவந்தாள். ஆயா ஏறமாட்டேன் என்றாள், காலெல்லாம் சேறு என்றாள். அம்மா தன் முந்தானையாலேயே அந்தக் காலைத் துடைத்தாள்.

புல்லுக்கட்டை டிக்கியில் வைத்தேன். ஆயா முன்சீட்டில் அம்மா பக்கத்தில் உட்கார்ந்து வந்தாள். வீடு வருகிறவரைக்கும் யாரும் எதுவும் பேசவில்லை.